23 புள்ளி முன்னிலை போன இரவு: 2011 டல்லாஸின் முதல் சுற்றைத் திரும்பப் பார்க்கும்போது

மூன்றாம் கால்பகுதி முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம் இருக்கிறது. டல்லாஸ் மேவரிக்ஸ் 67, போர்ட்லாண்ட் டிரெயில் பிளேஸர்ஸ் 44. நாள் 2011 ஏப்ரல் 23. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் ப்ளேஆஃப் முதல் சுற்றின் நான்காவது ஆட்டம், போர்ட்லாண்டின் சொந்த அரங்கில் நடக்கிறது. முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கிற அணிக்குத் தொடர். அதில் டல்லாஸ் 2-1 என முன்னால் இருந்தது. இதையும் ஜெயித்தால் 3-1. அப்புறம் ஐந்தாவது ஆட்டம் சொந்த ஊரில். என் மனசுக்குள் தொடர் முடிந்தே போயிருந்தது. அடுத்த சுற்றில் லேக்கர்ஸை எப்படிச் சமாளிப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆட்டம் முடிந்தபோது பலகையில் இருந்தது: போர்ட்லாண்ட் 84, டல்லாஸ் 82.

அந்த ஜூன் மாதம் டல்லாஸ் சாம்பியன் ஆனது எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த ஆண்டைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் கதை லேக்கர்ஸை 4-0 என்று துடைத்ததில்தான் தொடங்குகிறது. பிறகு ஓக்லஹோமா சிட்டி, அதன்பின் மயாமி. முதல் சுற்றை "போர்ட்லாண்டை 4-2 என்று வென்றார்கள்" என்று ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த அணியை யாருக்காவது புரியவைக்க வேண்டும் என்றால், நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தத் தொடரின் நான்காவது, ஐந்தாவது ஆட்டங்களைத்தான். இரண்டுக்கும் நடுவே இருந்தது இரண்டே நாள். அந்த இரண்டு நாளில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதில்தான் அந்த அணியின் குணம் இருக்கிறது.

அதற்கு முன்னால், டல்லாஸ் ரசிகர்கள் அந்தத் தோல்வியை ஏன் வெறும் ஒரு தோல்வியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

2006 இறுதிப் போட்டியில் மயாமிக்கு எதிராக டல்லாஸ் 2-0 என்று முன்னால் இருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் ஆறரை நிமிடம் மிச்சம் இருக்கும்போது 13 புள்ளி முன்னிலை. அந்த ஆட்டம் 98-96 என்று போனது. தொடர்ந்து மூன்று ஆட்டங்களும் போயின, கோப்பையும் போனது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதேதான். அடுத்த ஆண்டு 67 வெற்றி, 15 தோல்வி என்று லீக்கிலேயே முதல் இடம். டல்லாஸின் நட்சத்திரம் டர்க் நோவிட்ஸ்கிக்கு மிகச் சிறந்த வீரர் விருது. ஆனால் முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிடம் 4-2 என்று தோற்று வெளியே. வாரியர்ஸின் பயிற்சியாளர் டான் நெல்சன், டல்லாஸின் பழைய பயிற்சியாளர். நோவிட்ஸ்கியின் ஆட்டத்தை உள்ளும் புறமும் அறிந்தவர். 2008-இல் நியூ ஆர்லியன்ஸிடம் முதல் சுற்றில் தோல்வி. 2010-இல் சான் அன்டோனியோவிடம் அதே முதல் சுற்றில் தோல்வி. நான்கு ஆண்டுகளில் மூன்று முறை ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ கதை முடிந்துவிட்டது.

2011-இலும் நிலைமை முழுசாக நம்பும்படி இல்லை. சீசன் 24-5 என்று அருமையாகத் தொடங்கியது. டிசம்பர் கடைசியில் நோவிட்ஸ்கிக்கு முழங்காலில் அடி. அவர் இல்லாத ஒன்பது ஆட்டங்களில் ஏழு தோல்வி. புத்தாண்டு அன்று கேரன் பட்லருக்கு முழங்கால் தசைநார் கிழிந்து, அதோடு அவருடைய சீசன் முடிந்தது. ஆட்டத்துக்கு 15 புள்ளி கொடுத்துக்கொண்டிருந்தவர். எல்லாம் தாண்டி 57 வெற்றி, 25 தோல்வி, லீக்கின் மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம். ஆனால் வயதைப் பாருங்கள்: ஜேசன் கிட்டுக்கு 38, ஜேசன் டெர்ரிக்கு 33, நோவிட்ஸ்கிக்கும் ஷான் மேரியனுக்கும் 32. ஆறாம் இடத்துப் போர்ட்லாண்ட் 48 வெற்றிதான் பெற்றிருந்தது என்றாலும், பிப்ரவரியில் ஜெரால்ட் வாலஸ் வந்து சேர்ந்தபிறகு அது வேறு அணி. லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ் தன் வாழ்க்கையின் சிறந்த சீசனை அப்போதுதான் ஆடியிருந்தார். அவர் வளர்ந்ததே டல்லாஸ் பக்கம். சீசனில் இரு அணிகளும் மோதிய நான்கு ஆட்டங்களில் ஆளுக்கு இரண்டு. இந்தத் தொடரில் போர்ட்லாண்ட்தான் ஜெயிக்கும் என்று சொன்ன விமர்சகர்கள் நிறையப் பேர்.

சரி, ஆட்டங்களுக்கு வருவோம்.

முதல் இரண்டும் டல்லாஸில். 89-81, 101-89. ஸ்கோரைப் பார்த்தால் நிம்மதியாகத் தெரியும். முதல் ஆட்டம் நிஜத்தில் அப்படி இல்லை. கடைசிக் கால்பகுதியில் போர்ட்லாண்ட் முன்னால் இருந்த கட்டமும் உண்டு. அங்கே நோவிட்ஸ்கி தன் 28 புள்ளிகளில் 18-ஐ எடுத்தார், அதில் பெரும்பங்கு ஃப்ரீ த்ரோவில், அதாவது எதிரணியின் ஃபவுலுக்காகத் தடுப்பில்லாமல் எறியக் கிடைக்கும் ஷாட்டில் வந்தது. போர்ட்லாண்ட் பயிற்சியாளர் நேட் மெக்மில்லன் நடுவர்களைப் பற்றி வெளிப்படையாகக் குறை சொல்லி, லீக்கிடம் அபராதமும் வாங்கினார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்த இன்னொரு விஷயம் அதில் மறைந்துபோனது. அது கிட்டின் 24 புள்ளிகள், தூரத்திலிருந்து போட்ட ஆறு மூன்று-புள்ளி ஷாட்கள். சீசன் முழுக்க ஆட்டத்துக்கு எட்டுப் புள்ளிகூடச் சராசரி இல்லாத ஆள் அவர்.

இது தற்செயல் இல்லை. நோவிட்ஸ்கி பந்தை வாங்கும் இடத்தைக் கவனியுங்கள். ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவிலோ அதன் முனையிலோ, கூடைக்குச் சுமார் பதினைந்து அடி தள்ளி, முதுகைக் காட்டி நிற்பார். ஏழடி உயரம். ஒரு காலில் நின்று, மறு முழங்காலை மேலே தூக்கி, பின்னால் சாய்ந்தபடி எறிகிற அந்த ஷாட்டை மறிக்க யாருக்கும் கை நீளாது. அதனால் இரண்டாவது ஆள் உதவிக்கு வந்தாக வேண்டும். மூலையில் நிற்கும்போது இரண்டாவது ஆள் வந்தால் பந்தைக் கொடுக்க வழி குறைவு. களத்தின் நடுவில் நிற்கும்போது வந்தால், யாரைத் தனியாக விட்டுவிட்டு வருகிறான் என்பது நோவிட்ஸ்கி கண் முன்னாலேயே தெரியும். போர்ட்லாண்ட் விட்டுவிட்டு வந்தது பெரும்பாலும் கிட்டை. 38 வயசு, முன்பு மூன்று-புள்ளி ஷாட் வராதவர் என்று பெயர் எடுத்தவர். கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஆனால் அது பழைய கணக்கு. கிட் அதற்குள் அந்த ஷாட்டைக் கற்றுக்கொண்டு பல ஆண்டு ஆகியிருந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் நோவிட்ஸ்கி 33. அதே ஆட்டத்தில் பெஜா ஸ்டோயகோவிச் 21. ஜனவரியில் யாரும் வேண்டாம் என்றிருந்த நிலையில் டல்லாஸ் எடுத்துக்கொண்ட ஆள். இந்த அணியில் நடுவே ஒருவர் எல்லோரையும் தன் பக்கம் இழுப்பார், சுற்றி நிற்கும் வயசாளிகள் காத்திருந்து எறிவார்கள். யாருக்கு அன்றைக்கு வாய்க்கும் என்பது மட்டும்தான் மாறும்.

மூன்றாவது ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. போர்ட்லாண்ட் 97, டல்லாஸ் 92. வெஸ்லி மேத்யூஸ் 25 எடுத்தார். சொந்த அரங்கு, முதுகு சுவரில் ஒட்டிய அணி, நன்றாக ஆடியது, ஜெயித்தது. பெஞ்சிலிருந்து வந்த பிராண்டன் ராய் 16 புள்ளி எடுத்ததை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ராய் யார் என்று தெரியாதவர்களுக்கு: 2007-இல் சிறந்த புதுமுக வீரர் விருது பெற்றவர், லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு மூன்று முறை தேர்வானவர். போர்ட்லாண்டின் எதிர்காலமே அவர்தான் என்றிருந்தார்கள். ஆனால் இரண்டு முழங்காலிலும் குருத்தெலும்பு தேய்ந்துபோனது. 2011 ஜனவரியில் இரண்டு முழங்காலுக்கும் அறுவை சிகிச்சை. திரும்பி வந்தபோது தொடக்க ஐவரில் இடமில்லை. இந்தத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் எட்டே நிமிடம் ஆடவிட்டார்கள், ஒரு புள்ளியும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அழுகையை அடக்க வேண்டியிருந்தது என்று அவரே பிறகு சொன்னார்.

இப்போது நான்காவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி. தொடக்கத்தில் 67-49. பன்னிரண்டு நிமிடம், 18 புள்ளி வித்தியாசம்.

இந்தக் கால்பகுதியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. முதல் சில தடவை ராயை மட்டும்தான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியாது. பழைய வேகம் கிடையாது, பழைய எழும்பலும் கிடையாது. ஒரு தட்டு, ஒரு தயக்கம், தோளால் ஒரு சாய்வு, தடுப்பவர் எடையை மாற்றும் அந்த நொடியில் எறிதல். முழங்கால் தராததைக் கணக்காலும் நிதானத்தாலும் ஈடுகட்டினார். அந்த ஒரு கால்பகுதியில் 18 புள்ளி, மொத்தம் 24. ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது மூன்று-புள்ளி ஷாட் எறிகையில் அவர்மேல் ஃபவுல். பந்து உள்ளே போனது, ஃப்ரீ த்ரோவும் போனது. 82-82. அடுத்து பலகையில் பட்டு விழுந்த ஒரு ஷாட், 84-82. கடைசி நொடியில் டெர்ரி எறிந்த மூன்று-புள்ளி ஷாட் போகவில்லை. எதிரணி ரசிகனாக இருந்தும் அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக ராயை நான் மதிக்கிறேன். கூடைப்பந்தில் நான் பார்த்த மிக அழகான தனி ஆட்டங்களில் அதுவும் ஒன்று.

பிறகு டல்லாஸை மட்டும் பார்க்கத் தொடங்கினேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. போர்ட்லாண்ட் 35 எடுத்ததை ராயின் பெயரில் எழுதிவிடலாம். டல்லாஸ் 15 மட்டும் எடுத்ததற்கு ராய் காரணம் இல்லை.

பெரிய முன்னிலை இருக்கும்போது ஓர் அணி கடிகாரத்தோடு ஆடத் தொடங்கும். பந்து கைக்கு வந்தால் 24 நொடிக்குள் எறிந்தாக வேண்டும்; அதில் பதினைந்து, பதினாறு நொடியைப் பந்தைத் தட்டியே கழிக்கும். பிறகு அவசரமாக ஒரு ஜம்ப் ஷாட். போனால் போனது, போகாவிட்டால் எதிரணிக்கு நீண்ட ரீபவுண்ட் (தவறித் திரும்பி வரும் பந்து), வேகமான ஓட்டம். இதில் நோவிட்ஸ்கி தன் இடத்தில் பந்தை வாங்கவே நேரம் இருக்காது. அவர் வாங்காதபோது இரண்டாவது ஆள் உதவிக்கு வரத் தேவையில்லை. யாரும் தனியாக நிற்பதும் இல்லை. முதல் இரண்டு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்த அந்த முழு இயந்திரமும் அதோடு நின்றுபோகிறது. பயந்துபோய்த் தோற்றார்கள் என்று அன்று பலரும் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 23 புள்ளி முன்னிலை வந்ததும் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, முன்னிலையைப் பாதுகாக்கிற வேறொரு ஆட்டத்தை ஆடினார்கள். அது அவர்களுக்கு வராத ஆட்டம்.

தடுப்பிலும் ஒரு விஷயம் இருந்தது. ராயைப் பெரும்பாலும் ஒற்றை ஆளாகவே விட்டார்கள். முழங்கால் போன ஆளுக்கு எதற்கு இரண்டு பேர் என்ற எண்ணமாக இருக்கலாம். கிட் விஷயத்தில் போர்ட்லாண்ட் வைத்திருந்த அதே பழைய கணக்கை, ராய் விஷயத்தில் டல்லாஸ் வைத்திருந்தது.

தொடர் 2-2. மறுநாள் எங்கே பார்த்தாலும் 2006, 2007 பேச்சுதான். பழைய காயத்தைக் கிளறிக் கிளறிப் பார்த்தார்கள். நானும் அதைத்தான் செய்தேன். இந்த அணிக்குள் ஏதோ ஒன்று உடைந்தே இருக்கிறது என்று அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன்.

ஏப்ரல் 25, டல்லாஸில் ஐந்தாவது ஆட்டம். 93-82 என்று டல்லாஸ் ஜெயித்தது. நோவிட்ஸ்கி 25, டெர்ரி 20. ஆனால் அது டைசன் சாண்ட்லரின் இரவு. 14 புள்ளி, 20 ரீபவுண்ட். அந்த இருபதில் 13, டல்லாஸ் எறிந்து தவறிய பந்துகளில் அவர் திரும்பப் பிடித்தவை.

இந்தப் 13-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நான்காவது ஆட்டத்துக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது. சாண்ட்லருக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது, இரண்டு பேர் தன்னை அழுத்திக்கொண்டிருந்தால், அதைப் பிடிக்க முயலவே மாட்டார். ஒரு கையை நீட்டி, உள்ளங்கையால் பின்பக்கமாக, மூன்று-புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்கும் தன் ஆட்களை நோக்கித் தட்டிவிடுவார். அங்கே கிட் நிற்பார், அல்லது டெர்ரி. எதிரணியின் உயரமானவர்கள் எல்லாம் கூடைக்கடியில் சிக்கிக்கொண்டிருக்க, பந்து வெளியே புதிதாகத் தொடங்கும்.

அந்தக் காலத்து விதியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இப்போது இப்படிப் பந்தைத் திரும்பப் பிடித்தால் கடிகாரம் 14 நொடிக்குத்தான் போகும், அது 2018-இல் வந்த மாற்றம். 2011-இல் முழுசாக 24 நொடி கிடைக்கும். ஆக சாண்ட்லர் ஒருமுறை தட்டிவிட்டால், எதிரணி மறுபடியும் முழுதாக ஒரு முறை தடுத்தாக வேண்டும். துரத்திப் பிடிக்க வேண்டிய அணிக்கு அதைவிடக் கொடுமை இல்லை. நேரம் கரைகிறது, கால் ஓய்கிறது, பந்தும் கைக்கு வரவில்லை. முன்னிலையைக் காக்கப் பந்தைத் தட்டிக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. எப்போதும்போல் எறியலாம், தவறினால் சாண்ட்லர் இருக்கிறார். நான்காவது ஆட்டத்தில் நேரத்தைக் கழித்த அணி, ஐந்தாவது ஆட்டத்தில் தன் இயல்பான ஆட்டத்தை ஆடியபடியே அதே நேரத்தைச் சம்பாதித்தது.

2010 ஜூலையில் சாண்ட்லரை டல்லாஸ் வாங்கியபோது பெரிய ஆரவாரம் ஒன்றும் இல்லை. அடிக்கடி காயம் படுகிற ஆள் என்ற பெயர்தான் அப்போது இருந்தது. நோவிட்ஸ்கிக்குப் பின்னால் நின்று கூடையைக் காக்க இப்படி ஒருவர் 2006-இலோ 2007-இலோ இருந்ததில்லை. பழைய டல்லாஸுக்கும் இந்த டல்லாஸுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது சாண்ட்லரின் பெயரைத்தான். மனோதிடம், அனுபவம் எல்லாம் அதற்கு அடுத்துதான்.

டல்லாஸ் பயிற்சியாளர் ரிக் கார்லைல் பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை என்பதும் முக்கியம். 23 புள்ளி முன்னிலையை விட்ட பயிற்சியாளர், மறுநாள் எல்லாவற்றையும் தலைகீழாக்கிப் பார்க்கும் ஆசைக்கு ஆளாவார். அவர் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. அதே ஐந்து பேர் தொடங்கினார்கள், அதே முறை. ஏழு ஆட்டத் தொடரில் நான்காவது ஆட்டத்துக்குள் ஒருவருக்கொருவர் எல்லா வித்தைகளும் தெரிந்துவிடும், புதிதாக ஒளித்துவைக்க ஒன்றும் இருக்காது. அப்போது உங்களுக்கு நன்றாக வருவதை நாற்பத்தெட்டு நிமிடமும் விடாமல் செய்கிறீர்களா என்பதுதான் மிஞ்சும்.

ஆறாவது ஆட்டம் ஏப்ரல் 28, மறுபடி போர்ட்லாண்டில். இதைத்தான் நான் உண்மையான தேர்வு என்று சொல்வேன். நான்காவது ஆட்டத்தின் கதை அப்படியே திரும்ப வந்தது. டல்லாஸ் பெரிய முன்னிலை எடுத்தது. அரங்கம் எழுந்தது. வாலஸ் 32 புள்ளியோடு ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வர, முன்னிலை கரைந்து போர்ட்லாண்ட் நெருங்கியது. ஐந்து நாளைக்கு முன்னால் பார்த்த அதே அரங்கு, அதே சத்தம். நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. இந்த முறை டல்லாஸ் பந்தைத் தட்டி நேரம் போக்கவில்லை. பந்து நோவிட்ஸ்கியிடம் அவருடைய இடத்தில், நேரம் இருக்கும்போதே போனது. அவர் 33 புள்ளி, 11 ரீபவுண்ட். டெர்ரி 22. முடிவு 103-96. தொடர் 4-2.

அந்தத் தொடரை வைத்து இந்த அணியைச் சாம்பியன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். லேக்கர்ஸ் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் கோப்பையை வென்ற அணி. முதல் சுற்றில் இவ்வளவு தடுமாறியவர்கள் அவர்களை என்ன செய்துவிடப் போகிறார்கள் என்றுதான் தோன்றியது. முதல் சுற்றை எடைபோடும்போது நாம் எல்லோரும் செய்கிற தப்பு அது. எத்தனை ஆட்டத்தில் முடித்தார்கள், எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்று எண்ணுகிறோம். முதல் சுற்றில் துடைத்தெடுத்த அணிகள் இரண்டாம் சுற்றில் திணறியதும் உண்டு, ஏனென்றால் அவர்களை அதுவரை யாரும் நெருக்கவே இல்லை. நெருக்கப்பட்டபோது எது உடைந்தது, உடைந்தது சரிசெய்யக்கூடியதா, அடுத்த ஆட்டத்தில் சரிசெய்தார்களா என்று பார்த்திருந்தால், ஏப்ரல் 28 இரவே எனக்குக் கொஞ்சம் புரிந்திருக்கும்.

மே 2, லேக்கர்ஸ் அரங்கில் முதல் ஆட்டம். மூன்றாம் கால்பகுதியில் டல்லாஸ் 16 புள்ளி பின்னால். 96-94 என்று ஜெயித்தார்கள். மே 23, ஓக்லஹோமா சிட்டியில் நான்காவது ஆட்டம், ஐந்து நிமிடம் மிச்சம் இருக்க 15 புள்ளி பின்னால். கூடுதல் நேரத்தில் 112-105. ஜூன் 2, மயாமியில் இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டம். டல்லாஸ் பெஞ்சுக்கு முன்னாலேயே மயாமியின் டுவைன் வேட் மூன்று-புள்ளி ஷாட் போட்டுவிட்டுக் கையைத் தூக்கி நிற்கிறார். 88-73, ஏழு நிமிடம் மிச்சம். இப்போது முன்னிலையைப் பாதுகாக்கத் தொடங்கியது மயாமி. கடிகாரத்தோடு ஆடினார்கள், பந்தைத் தட்டினார்கள், நேரம் தீரும்போது தூரத்திலிருந்து எறிந்தார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று டல்லாஸுக்குப் போர்ட்லாண்டிலேயே தெரிந்திருந்தது. கடைசியில் ஸ்கோர் சமமாக இருக்க, முதல் ஆட்டத்தில் நடுவிரலில் தசைநார் கிழிந்த அதே இடது கையால் நோவிட்ஸ்கி பந்தை வளையத்துக்குள் வைத்தார். 95-93. கடிகாரத்தில் 3.6 நொடி இருந்தது.